வகுப்பில் நனைத்த தேயிலை

டீக்கடையில் யாராவது, "மாஸ்டர், நல்லா சாயம் இறங்கப் போடுங்க" என்று சொன்னால் நான் காதைப் பொத்திக்கொள்வேன். கண்ணாடி டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து, "ஆகா, என்ன கலரு!" என்று மெச்சுகிறவர்களைக் கண்டால் எழுந்து வெளியே வந்துவிடுவேன். நீலகிரியில் பாதி வாழ்நாளைக் கழித்தவள் டீ குடிக்கமாட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில், "டீச்சருக்கு வெந்நி கொண்டாங்க" என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய சிரிப்பு எனக்குச் செரித்துவிடும். அந்தத் தூள்தான் செரிக்காது.

பந்தலூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். என் கணவர் அங்கேயே ஒரு தனியார் எஸ்டேட் ஃபாக்டரியில் டீமேக்கர். பச்சைக் கொழுந்து உள்ளே நுழைவதிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறுகிறவரை எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே. டீமேக்கர் என்றதும் கடையில் டீ ஆற்றுகிற மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு என் சித்தி கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றாள். அப்புறம் ஃபாக்டரி, குவார்ட்டர்ஸ், இலவச விறகு எல்லாம் கேள்விப்பட்டு முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கல்யாணத்தில் ஒரு பெரிய மனிதர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, மணமக்கள் பாலும் தண்ணீரும் போலக் கலந்து வாழ வேண்டும் என்று வாழ்த்தினார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த எனக்கு எரிச்சலாக இருந்தது. பாலில் தண்ணீர் கலந்தால் அது பால்காரன் செய்கிற திருட்டு. அதை எதற்கு மேடையேறிச் சொல்ல வேண்டும்? இந்த நாட்டில் வேதியியலை எடுத்து உபதேசம் செய்யாத ஆளே கிடையாது. தங்கத்தைப் புடம் போடுவார்கள், உப்பாகக் கரையச் சொல்வார்கள். ஆனால் ஒரு பொருளை மற்றொரு பொருளோடு போட்டால் உண்மையில் என்ன ஆகிறது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. தனிமம், சேர்மம், கலவை. எனக்கு முன்னால் அந்தப் பாடத்தை நடத்தியவர்கள் பிள்ளைகளைப் பாட்டு மாதிரி உருப்போட வைத்திருந்தார்கள். கேட்டால் கூட்டமாகக் கத்துவார்கள். "தனிமம் என்பது அதனினும் எளிய பொருள்களாகப் பிரிக்க இயலாதது!" சரி, ஒன்றைக் காட்டு என்றால் முழிப்பார்கள். பாத்திரத்தில் இருக்கும் செம்பு, காதில் கிடக்கும் பவுன் என்று எடுத்துச் சொன்னால், "இதுவா டீச்சர்?" என்று ஏமாற்றத்தோடு பார்ப்பார்கள். ஏதோ பெரிதாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள் பாவம்.

ஆகவே செய்து காட்டினேன். இரும்புத்தூளையும் கந்தகப்பொடியையும் ஒரு தாளில் கொட்டிக் கலந்தேன். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் இரும்பு மட்டும் மீசை முளைத்தாற்போலத் துள்ளி ஒட்டிக்கொண்டது. மஞ்சள் பொடி கிடந்த இடத்திலேயே கிடந்தது. பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இரும்பு இரும்புதான், கந்தகம் கந்தகம்தான்; அதனால் இது கலவை என்றேன். பிறகு அதையே சோதனைக்குழாயில் போட்டுச் சூடுபண்ணினேன். கருப்பாக இறுகிய கட்டி ஒன்று கிடைத்தது. காந்தம் எவ்வளவு சுற்றினாலும் அது அசையவில்லை. இரண்டும் தங்கள் குணத்தை விட்டு மூன்றாவது ஒன்றாகிவிட்டன, இது சேர்மம். இதில் இவ்வளவு இரும்புக்கு இவ்வளவு கந்தகம் என்று இயற்கை வைத்த கணக்கு உண்டு, நாம் மாற்ற முடியாது. கலவைக்கு அப்படி ஒரு கணக்கும் கிடையாது. எதையும் எவ்வளவும் போடலாம். கலக்குகிறவன் கை வைத்ததுதான் அளவு.

கந்தக நெடி பள்ளிக்கூடம் முழுவதும் பரவியது. தலைமையாசிரியர் மூக்கில் துண்டை அழுத்திக்கொண்டு வாசலுக்கு வந்து, "டீச்சர், புஸ்தகத்துல படம் போட்டிருக்குதுங்களே, அது போதாதுங்களா?" என்றார். அவருக்குச் செய்து காட்டுவது என்றாலே ஆகாது. ஆனால் பிள்ளைகளின் கண்களை நான் பார்த்துவிட்டேன். இனி நிறுத்துவதாக இல்லை.

அடுத்த வகுப்புக்கு இரும்புத்தூள் தீர்ந்துபோனது. ஃபாக்டரியில் கொழுந்தை நசுக்கும் உருளைகள் தேய்ந்து இரும்புப் பொடி தேயிலையோடு வந்துவிடும் என்றும், அதைப் பிடிப்பதற்குச் சலிக்கும் இடத்தில் காந்தம் வைத்திருப்பார்கள் என்றும் கணவர் சொல்லியிருந்தார். அப்படியானால் தேயிலைத்தூளே ஒரு நல்ல கலவை. இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? நாளைக்கு ஆளுக்கொரு பிடி தேயிலை கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் எங்கள் எஸ்டேட் பிள்ளைகள். இலங்கையிலிருந்து கப்பலில் திரும்பி வந்த குடும்பங்கள். அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. நடுவில் ஒரு கடல், அவ்வளவுதான். வரிசை வீடுகளை லயம் என்பார்கள், டீயைத் தேத்தண்ணி என்பார்கள். தொழிலாளிகளுக்கு மாதாமாதம் வீட்டுச் செலவுக்கென்று ஃபாக்டரியிலிருந்து தேயிலை கொடுப்பது வழக்கம். பிள்ளைகள் அதில் ஒரு பிடியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார்கள். நானும் எங்கள் வீட்டு டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போனேன்.

முதலில் காந்தம் காட்டினோம். கருப்பாக நாலைந்து துகள்கள் ஒட்டின. பிள்ளைகள் கைதட்டினார்கள். அதோடு மூட்டை கட்டியிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் தண்ணீரில் கரைவதையும் கரையாததையும் பிரித்துக் காட்டலாமே என்று இன்னோர் ஆசை. வடிதாள்களைத் தட்டில் பரப்பிப் பச்சைத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொருவரையும் ஒரு சிட்டிகை தூளை மேலே தூவச் சொன்னேன். குளிர்ந்த தண்ணீரில் தேயிலை சட்டென்று நிறம் விடாது. கொஞ்சம் பொறுத்து இளம் பழுப்பாக ஊறும், அதுவரை கரும்பலகையில் எழுதலாம் என்று திரும்பினேன்.

பின்னால் கசகசவென்று பேச்சுச் சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒவ்வொரு தாளிலும், ஒவ்வொரு துகளிலிருந்தும், குங்குமத்தில் தண்ணீர் பட்ட மாதிரி செம்மஞ்சளாக நூல் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்கவே தாள்கள் சிவந்தன. என்னுடைய தாள் மட்டும் நடுவில் வெறுமனே நனைந்து கிடந்தது.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். நெட்டையாக, முழங்கைக்கு மேல் ஏறிய சட்டையோடு, எதையும் கேட்காமல் விடாத பெண். அவள் அம்மா எங்கள் எஸ்டேட்டில்தான் கொழுந்து எடுத்தாள். அவள் எழுந்து நின்று, "டீச்சர், ஒங்க தேயிலையில மட்டும் ஏன் ஒன்னுமே வரல்ல?" என்றாள்.

இன்னொருத்தி முந்திக்கொண்டு, "ஒங்கள ஏமாத்திட்டாங்க டீச்சர். சாயமில்லாத தூளக் குடுத்திட்டாங்க" என்றாள். வகுப்பே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

எனக்கு வந்தது பயமோ வருத்தமோ இல்லை, சுத்தமான அருவருப்பு. இந்தப் பிள்ளைகள் எல்லாரும் விடிகாலையில் இதைத்தான் குடித்துவிட்டு மலையேறிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். "இது தேயிலையோட நிறம் இல்ல. யாரோ கலந்த சாயம்" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. அந்தப் பெண் தன் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்ப எங்க தேயிலையில கலந்ததா? ஒங்களுதுல கலக்கலையா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கணவரின் பனியன்களைத் துவைக்கும்போதெல்லாம் சோப்புத் தண்ணீர் செந்நிறமாக இறங்கும். அக்குளிலும் கழுத்திலும் ஆரஞ்சுத் திட்டுக்கள் இருக்கும். தேயிலைக் கறை என்று நினைத்து எலுமிச்சம்பழம் தேய்த்துத் தேய்த்துக் கசக்கியிருக்கிறேன். தேயிலைக் கறை பழுப்பு. இது ஓர் அறிவியல் ஆசிரியைக்குத் தெரியவில்லை. லயத்துப் பக்கம் போனால் அங்கே டீ குடிக்காதே என்று அவர் கண்டிப்பாகச் சொல்லுவார். ஜாதி பார்க்கிறார் என்று எண்ணி அதற்காகவே இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறேன். ஜாதியாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்குத் தோன்றியது. இவ்வளவு கேவலத்துக்கு அது தேவலை போலிருந்தது.

அவர் பூட்ஸைக் கழற்றி அட்டை ஏறியிருக்கிறதா என்று காலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே கேட்டேன். "ஏனுங்க, லயத்துக்குக் குடுக்கற தூள்ல என்ன கலக்கறீங்க?"

"யாரு சொன்னா?"

"தண்ணி சொல்லுச்சுங்க."

மறைக்கவெல்லாம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கேவலமாகப் பட்டது. சலித்துக் கழிந்த நார், தூசிப் பஞ்சு, தரையில் கூட்டி எடுத்தது எல்லாம் பின்னால் கொட்டகையில் குவிந்து கிடக்கும். உரத்துக்குப் போக வேண்டியது. அதில் சாயத்தைக் கரைத்துச் செடிக்கு ஊற்றுகிற பூவாளியால் தெளித்து, காலால் துழாவிக் காயவைத்தால் கன்னங்கரேலென்று தூளாகிவிடும். மலைக்குக் கீழே இருக்கிற கடைகளுக்கு மூட்டை மூட்டையாகப் போகிறது. லயத்துக்குக் கொடுப்பதும் அதே குவியலிலிருந்துதான். இதை அவர் மழை வருமா வராதா என்று சொல்கிற மாதிரி சொன்னார். "மேனேஜர் தொரை சொல்றாரு, நாங்க செய்யறோம். அதுகளுக்கு சாயம் இருந்தாப் போதும் புள்ள. குடிச்சுப் பழகிருச்சு."

"அப்ப நம்மூட்டுத் தூள்?"

அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "நம்மூட்டுக்கு நான் அதையக் கொண்டாருவனா? ட்ரையர்ல இருந்து எறங்குன ஒடனே என்ற கையால எடுத்துத் தனியா வெப்பேன். உனக்குன்னு."

நான் உருகிவிடுவேன் என்று எதிர்பார்த்தார். உண்மையாகவே அது அவருக்கு அன்பு. உலகத்துக்கு நஞ்சைக் கலக்கும் கை, வீட்டுக்கு மட்டும் சுத்தமாக எடுத்து வைக்கிறது. அதற்குப் பெயர் குடும்பம். அந்த டப்பாவை எடுத்துப் போய்ப் பின்வாசலில் கொட்டினேன். "பைத்தியமா உனக்கு? அது நல்ல தூள் புள்ள!" என்று பதறிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். நல்ல தூள்தான், தெரியும். அவரோடு அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் குடும்பம் நடத்தினேன். காய்ச்சலில் அவர் தலையைப் பிடித்துவிட்டிருக்கிறேன், அவரும் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார். "உனக்குன்னு" என்ற அந்த ஒரு சொல் மட்டும் இன்றைக்கும் செரிக்கவில்லை.

பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? லயம் லயமாகத் தண்ணீரும் தாளும் ஓடின. அந்த மாதம் தேயிலை கொடுத்த அன்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில், அந்த நெட்டைப் பெண்ணின் அம்மா பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, "இதில சாயம் கலந்திருக்கு, எங்களுக்கு வேணாம்" என்றாளாம். கூட நாலைந்து பேர் வைத்தார்கள். மேனேஜர், எஸ்டேட்டின் மேல் புரளி கிளப்புகிறவள் பேரை வெட்டிவிடுவேன் என்றார். பேர் வெட்டினால் வேலையும் இல்லை, லயத்தில் வீடும் இல்லை. கடல் தாண்டி வந்து ஒண்டியிருந்த ஒரே அறை அது.

அன்று மாலை என் கணவர் மேனேஜரிடம் வாங்கு வாங்கென்று வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தார். "கிணறு வெட்டப் பூதம் கெளம்புன கதையா ஆக்கிட்டியே புள்ள. நாளைக்கு கிளாஸ்ல சொல்லிரு. தாள் கெட்டுப்போச்சு, தண்ணி கெட்டுப்போச்சு, ஏதோ ஒன்னு. இல்லாட்டி நாம மூட்டையக் கட்டிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்."

"நான் அப்படிச் சொன்னா அந்தப் பொம்பளை சொன்னது புரளின்னு ஆயிருமுங்களே. அவ பேர வெட்டுவாங்க."

"அதுக்கு நாம என்ன பண்ண?"

மறுநாள் தலைமையாசிரியர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். அவருக்கும் சொல்லியனுப்பியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கூரைத் தகரமே எஸ்டேட் கொடுத்ததுதான். பிள்ளைகள் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். அந்த நெட்டைப் பெண் மட்டும் குனிந்து டெஸ்க்கை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாக இருந்தாலும் சோறாவது வேண்டும். என்னிடம் அதுவும் இல்லை. "தாளும் நல்ல தாள்தான், தண்ணியும் நல்ல தண்ணிதான். அன்னிக்கு நீங்க பார்த்தது சரி" என்றேன். அந்தப் பெண் நிமிர்ந்தாள். தலைமையாசிரியர் செருமிக்கொண்டே போய்விட்டார். மிச்ச நேரம் உலோகம், அலோகம் நடத்தினேன்.

யாரும் எங்களை வெளியே அனுப்பவில்லை. யார் பேரும் வெட்டப்படவில்லை. அந்த மேனேஜர் கோபப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. தொழிலாளர் நலனுக்காக இனி ஸ்டாஃப் வீடுகளுக்குப் போகும் அதே உயர்ந்த தூள்தான் லயத்துக்கும் என்று அறிவித்தார். விலை கூடின தூள் அல்லவா, அதனால் அளவு பாதி. அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். சாப்பாடு கூட இறங்கியது. கணவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் புரிந்தது.

மாதம் பாதி ஆவதற்குள் லயத்தில் தூள் தீர்ந்துபோனது. இருந்த வரையிலும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பால் வாங்க வழியில்லாத வீடுகள். அரைக் கரண்டி பழைய தூளில் ஒரு சட்டித் தண்ணீர் ரத்தச் சிவப்பாகும், வீடே குடிக்கும். புதுத் தூளில் அதே அரைக் கரண்டிக்குப் பீர்க்கங்காய்ச் சாறு மாதிரி நிற்கும். நல்ல தேயிலையை நேரில் பார்த்ததும், "இதில்தான் என்னவோ கலந்துட்டாங்க" என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். வாழ்நாளெல்லாம் தேயிலை கிள்ளியவர்களுக்கு நல்ல தேயிலை எப்படி இருக்கும் என்று தெரியாது. யாரும் கொடுத்ததில்லை, எப்படித் தெரியும்? சத்தை எல்லாம் உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் தருகிறார்கள், மீதிப் பாதி டீமேக்கர் வீட்டுக்குப் போகிறது, அதற்குத்தான் அந்த டீச்சர் தாளும் தண்ணீரும் காட்டிக் கூத்தாடினாள் என்று பேச்சுக் கிளம்பியது. கடைவீதியில் என்னைப் பார்த்து ஒரு கிழவர் காறித் துப்பினார். நேராக என்மேல் இல்லை, பக்கத்தில்.

கடைசியில் எல்லாரும் கும்பலாகப் போய்ப் பழைய தூளையே பழைய அளவில் கேட்டார்கள். முன்னால் நின்று கேட்டவள் அந்தப் பெண்ணின் அம்மா. மேனேஜர் தாராள மனசோடு ஒப்புக்கொண்டார். என் கணவர் வீட்டுக்கு வந்து தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா புள்ள? அவங்களே கேட்டு வாங்கறாங்க. இப்ப என்னங்கற?"

எனக்கு எல்லார் மேலும் அருவருப்பாக இருந்தது. மேனேஜர், கணவர், கூரைத் தகரத்துக்குத் தலையாட்டும் தலைமையாசிரியர் எல்லாம் ஒரு பக்கம். கண்ணால் பார்த்ததை நாக்குக்காகக் கைவிட்ட இந்த ஜனங்கள் மேலும்தான். அந்த ஆத்திரத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மிச்சமிருந்த வடிதாள்களைப் பையில் போட்டுக்கொண்டு லயத்துக்கு நடந்தேன். மற்றவர்கள் எப்படியும் போகட்டும், அந்தப் பெண்ணின் வீட்டிலாவது அதை நிறுத்தவைக்காமல் திரும்புவதில்லை என்று எண்ணம்.

ஒரே அறை. கயிற்றில் ஈரத் துணி, கண்ணைக் கரிக்கும் புகை. அம்மாக்காரி மடியில் ஒரு கைக்குழந்தை. அதன் வாயில் சீசா. சீசாவில் செக்கச்செவேலென்று அதே தண்ணீர், சர்க்கரை போட்டு. குழந்தையின் கடைவாயில் ஒழுகிக் கழுத்து மடிப்பில் ஆரஞ்சாகக் காய்ந்திருந்தது. எனக்கு ஓங்கரித்துவிட்டது. புகை என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"வாங்க டீச்சர், இருங்க" என்று பலகையைத் துடைத்துப் போட்டாள். என்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் வீடு தேடி வந்துவிட்டேனே. மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண் எழுந்து சுவரோரம் நின்றாள்.

நான் தாளை எடுக்கவே இல்லை. குழந்தையைப் பார்த்ததும் வாயில் வந்ததைச் சொன்னேன். "அத முதல்ல எடுங்கம்மா. அது விஷம்."

"பெரிய வார்த்தை சொல்லாதீங்க டீச்சர்" என்றாள். சத்தம் போடவில்லை. "இந்தக் குளிர்ல விடியக் காலம்பர எந்திரிச்சு மலைக்குப் போறோம். செவப்பா, சூடா வயித்துல எறங்கினாத்தான் கை ஓடும். ஒங்க நல்ல தேயிலையக் குடிச்சா வெறும் வெந்நி குடிச்சாப்ல இருக்கு. அதுவும் பாதி மாசத்துல தீந்து போச்சு. பொறகு நாங்க எதக் குடிக்க? பேரு வெட்டுவேன்னு சொன்னப்ப ஒங்களத்தான் நம்பி நின்டேன். நீங்களும் சரியாத்தான் சொன்னீங்க. சொல்லி என்ன வந்திச்சு?" பிறகு மகளைக் காட்டி, "இவ தாள் நனைச்ச அன்டையில இருந்து தேத்தண்ணியத் தொடுறாளில்ல. பச்சத் தண்ணியக் குடிச்சிட்டு இஸ்கூலுக்கு ஓடுறா. டீச்சர் சொல்லிட்டாங்களாம்" என்றாள்.

எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. இவ்வளவு கூத்துக்கும் நடுவில் ஒருத்தி, இந்த ஒருத்தி, தான் பார்த்ததை நம்பியிருக்கிறாள். அவளைப் பார்த்தேன். அவளும் பெருமையை மறைக்க முடியாமல் பார்த்தாள்.

அம்மாக்காரி பேசிக்கொண்டே அடுப்பிலிருந்து இறக்கி ஊற்றினாள். வீட்டில் இருந்த ஒரே சில்வர் டம்ளரை அலம்பி, இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினாள். ஆவி முகத்தில் அடித்தது. பூவாளியும், கொட்டகைத் தரையும், தூளைத் துழாவுகிற கால்களும் கண்முன் வந்தன. "வேண்டாம்மா" என்றேன்.

"ஒரு வாய் குடிங்க டீச்சர்."

"எனக்கு வேண்டாம்."

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. அவள் முகம் மாறியது. "அங்க சிலோன்ல இருந்தப்பவும் இப்பிடித்தான் டீச்சர்" என்றாள். "குவார்ட்டர்ஸ் ஆளுக வாசல் வரைக்கும் வருவாங்க. நல்லதெல்லாம் சொல்லுவாங்க. எங்க வீட்டுல தண்ணி குடிக்கமாட்டாங்க."

"ஐயோ, அதுக்கில்லம்மா. அந்தத் தூள்..." என்று ஆரம்பித்தேன். எப்படிச் சொன்னாலும் அது அதுவாகத்தான் கேட்கும் என்று எனக்கே தெரிந்தது. அவள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையின் வாயைத் துடைக்க ஆரம்பித்தாள். கண் கலங்கியிருந்தது.

சுவரோரம் நின்ற பெண் முன்னால் வந்தாள். குனிந்து டம்ளரை எடுத்தாள். நான் பதறி, "வேண்டாம், நீ குடிக்காத" என்று கையை நீட்டினேன். அவள் என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு, சூட்டோடு சூடாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். உதட்டைப் புறங்கையால் துடைத்தாள்.

"கலவைன்னு தெரியும் டீச்சர்" என்றாள். "எங்கம்மா போட்டது."